பள்ளிப் பிள்ளைகளின் எடைக் கணக்கு

கன்று வளர்க்கும் குடியானவர் கண்ணை மட்டும் நம்பியிருப்பதில்லை. மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அத்தொகையை அதனாலேயே பெருக்கி, வந்ததை உடலின் நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால் கன்றின் எடை பவுண்டுக் கணக்கில் ஏறக்குறையக் கிடைக்கும் என்பது கால்நடை வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கற்பித்துவரும் வழியாகும். மார்பு 50 அங்குலமும் நீளம் 40 அங்குலமும் உள்ள கிடாரிக்கு இக்கணக்கின்படி 333 பவுண்டு, அதாவது 151 கிலோ வரும். வயிறு உருண்டிருப்பதால் கொழுத்ததென்று எண்ணப்பட்ட கன்று குடற்புழுவால் இளைத்திருப்பது இவ்வாறு அளந்து பார்த்த பின்னரே தெரியவருவதுண்டு.

பிள்ளைகள் விஷயத்திலோ கண்ணளவே போதுமென்று எண்ணப்படுகிறது. ஜமாபந்தியில் ஒரு சென்டு நிலம் குறைந்தாலும் கேள்வி எழும். பத்து வயதுப் பையன் சென்ற பொங்கலில் எத்தனை கிலோ இருந்தான், இப்பொழுது எத்தனை கிலோ இருக்கிறான் என்று கேட்டால் வீட்டிலும் விடை இராது, பல ஊர்களில் பள்ளியிலும் விடை இராது. மெலிந்த பிள்ளையைக் கண்டு வருந்துகிறவர்கள் பருத்த பிள்ளையைக் கண்டு மகிழ்ந்துபோகிறார்கள். இவ்விரண்டும் அளந்தறியவேண்டிய விஷயங்கள் என்பதும், அளந்தறிந்தால் பரிகாரம் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே இருக்கிறதென்பதும் இங்கே விளக்கப்படும்.

அடி அண்ணாமலை கிராமம் திருவண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலையின் மேற்குப் புறத்தில், ஆதி அண்ணாமலையார் கோயிலைத் தன்னகத்தே கொண்டு அமைந்துள்ளது. பௌர்ணமிதோறும் ஜனங்கள் வெள்ளம்போல் இவ்வழியே நடந்து செல்கின்றனர். அவர்களை நம்பிப் பாதை நெடுகிலும் கடைகள் உண்டாயின. அக்கடைகளில் வடையும், பஜ்ஜியும், புட்டியில் அடைத்த இனிப்புப் பானங்களும், பளபளக்கும் பொட்டலங்களில் அடைத்த தீனிகளும் விற்கப்படுகின்றன. யாத்திரிகர் மாதம் ஒரு நாள் வருகிறார். நடந்து வியர்த்துப் போகிறார். பாதையோரத்துப் பிள்ளைக்கோ அக்கடை வருஷம் முழுவதும் வாசலிலேயே இருக்கிறது. தூரதேசத்தார் வெறுங்காலால் 14 கிலோமீட்டர் நடக்கிற சாலையில், அவ்வூர்ப் பிள்ளைகள் அரை மைல் தூரத்துப் பள்ளிக்கு ஆட்டோவில் ஏறிப் போவது கவனிக்கத்தக்கது.

முன்பு தேடியதும் இப்பொழுது தேடவேண்டியதும்

பள்ளிப் பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கும் வழக்கம் தமிழ் நாட்டுக்குப் புதிதன்று. 1930களிலேயே குன்னூரிலிருந்த போஷணை ஆராய்ச்சிச் சாலையார் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் ஆராய்ந்துவந்தனர். அச்சாலையின் தலைவரான ஐக்ராய்டு 1937இல் வெளியிட்ட இந்திய ஆகாரங்களின் சத்து விவரப் பட்டியல் பிற்காலத்துப் பட்டியல்களுக்கெல்லாம் மூலமாயிற்று. அந்தச் சாலையே 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசியப் போஷணை நிறுவனமாக விளங்குகிறது. அந்நாளில் தேடப்பட்டது மெலிவு ஒன்றே. அரிசியை மட்டும் நம்பிய வீட்டுப் பிள்ளைக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் போதவில்லை என்பதே அன்றைய முறையீடு.

அதற்குப் பரிகாரமாகவே பள்ளி உணவு வந்தது. 1920இல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் தொடங்கியதும், 1956இல் காமராஜர் மாநிலமெங்கும் விரித்ததும், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக்கியதும், 2022இல் காலைச் சிற்றுண்டி சேர்ந்ததும் ஒரே நூலில் கோத்தவை. பசியோடு பாடம் கேட்ட பிள்ளைகள் எத்தனை லட்சம் பேர் இதனால் தப்பினர் என்பதை முதியோர் அறிவர்.

மெலிவு இன்னும் தீர்ந்துவிடவில்லை. 2016 முதல் 2018 வரை நடந்த தேசியப் பிள்ளைப் போஷணை ஆய்வில், 5 முதல் 9 வயதுள்ள இந்தியப் பிள்ளைகளில் நூற்றுக்கு 23 பேர் மெலிந்திருந்தனர். நூற்றுக்கு 4 பேர் அதிக எடையுள்ளவராயிருந்தனர். நான்கு என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் 1990இல் இந்தியாவில் 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் மிகைப்பருமன் உற்றவர் சுமார் 4 லட்சம் பேர். 2022இல் அத்தொகை சுமார் 1 கோடியே 25 லட்சமாயிற்று. பெரியவர்களைப் பார்த்தாலோ, 2019-21இல் எடுக்கப்பட்ட குடும்பநலக் கணக்கில் தமிழ் நாட்டு ஸ்திரீகளில் நூற்றுக்கு 40 பேரும் புருஷர்களில் 37 பேரும் அதிக எடையுள்ளவர். அதற்கு முன் 2015-16இல் எடுத்த கணக்கில் இவை 31ஆகவும் 28ஆகவும் இருந்தன. தாய் தந்தையர் உண்ணும் பாத்திரத்தில்தான் பிள்ளையும் உண்கிறது. உலகம் முழுமைக்கும் பார்த்தால், பள்ளி வயதினரில் மிகைப்பருமன் உற்றவர் தொகை மெலிந்தவர் தொகையை முதன்முறையாகத் தாண்டிவிட்டது என்று ஐக்கிய நாடுகளின் பிள்ளைகள் நிதியத்தார் 2025இல் அறிவித்தனர்.

ஆதலின் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில், மெலிந்த பிள்ளையும் பருத்த பிள்ளையும் அமர்ந்திருக்கும் காலம் இது. ஒருவனுக்காகச் சோற்றைக் கூட்டவும் மற்றவனுக்காகக் குறைக்கவும் ஒரு சமையற்கூடத்தால் இயலாது. யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை முதலில் அறியவேண்டும்.

அளக்கும் முறை

எடைக் கருவி சமதளமான சிமெண்டுத் தரையில் வைக்கப்படவேண்டும். பாயின்மேலோ மண் தரையிலோ வைத்தால் காட்டும் எண் பொய்யாகும். அளக்கும் ஒவ்வொரு நாளும் முத்திரையிட்ட 5 கிலோ அல்லது 10 கிலோ எடைக்கல்லை ஏற்றிக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்தல் நலம். கடலை மூட்டை நிறுக்கும்போது தராசைச் சோதிக்காமல் விடுகிற குடியானவர் உண்டோ? பிள்ளைகள் காலணியைக் கழற்றிவிட்டு, பையிலுள்ள கோலியையும் காசையும் எடுத்துவைத்துவிட்டு, காலை வேளையில் நிறுக்கப்படவேண்டும்.

உயரம் அளப்பதில்தான் பிழை மிகுதி. சுவரில் தரையிலிருந்து நேர்குத்தாக அளவுநாடாவை ஒட்டி, குதிகால், பிட்டம், தோட்பட்டை, பின்தலை இவை சுவரைத் தொட, பார்வை நேரே இருக்க, பிள்ளையை நிறுத்தவேண்டும். பிறகு தச்சர் மூலைமட்டம் ஒன்றைச் சுவரோடு சேர்த்துத் தலைமேல் இறக்கி, அதன் அடிவிளிம்பு காட்டும் எண்ணைப் படிக்கவேண்டும். மூலைமட்டம் இல்லாவிடில் கெட்டி அட்டைப் புத்தகம் போதும். பெண் பிள்ளைகளின் கொண்டையும் சடைமுடிச்சும் அவிழ்க்கப்படாவிட்டால் இரண்டு சென்டிமீட்டர் வரையில் கூடுதலாக விழும்.

மூன்றாவது வேண்டுவது வயது. இங்கே கிராம அதிகாரிகளுடைய உதவி மிகவும் தேவை. பள்ளியில் சேர்க்கும் அவசரத்தில் வாய்க்கு வந்த தேதியைச் சொல்லி எழுதிய பிறந்தநாள்கள் இன்னும் பல பதிவேடுகளில் இருக்கின்றன. ஒரு வருஷ வித்தியாசம் வந்தால் மெலிந்த பிள்ளை சரியான பிள்ளையாகவும், சரியான பிள்ளை பருத்த பிள்ளையாகவும் கணக்கில் ஏறிவிடும். பிறப்புப் பதிவேட்டோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துத் திருத்திவிட்டால் அப்பிழை என்றைக்கும் நீங்கும்.

இம்மூன்றும் கிடைத்தபின், கிலோ எடையை, மீட்டரில் சொன்ன உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கவேண்டும். வருவது எடைக் குறியெண். ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் பி.எம்.ஐ. என்று எழுதப்படுவது இதுவே. பெரியவர்களுக்கு எல்லா வயதிலும் ஒரே வரம்பு. பிள்ளைகளுக்கோ வயதுக்கு வயது, ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு வரம்பு. உலகச் சுகாதார ஸ்தாபனத்தார் 2007இல் வகுத்த பட்டியலிலிருந்து மூன்று வயதுகளுக்கான எண்கள் கீழே தரப்படுகின்றன. முதலெண்ணுக்குக் குறைந்தால் மெலிவு. இரண்டாம் எண்ணுக்கு மேற்பட்டால் அதிக எடை. மூன்றாம் எண்ணுக்கு மேற்பட்டால் மிகைப்பருமன்.

6 வயது: ஆண் 13.0, 16.8, 18.5, பெண் 12.7, 17.0, 19.2.
10 வயது: ஆண் 13.7, 18.5, 21.4, பெண் 13.5, 19.0, 22.6.
14 வயது: ஆண் 15.5, 21.8, 25.9, பெண் 15.4, 22.7, 27.3.

இடைப்பட்ட வயதுகளுக்கு முழுப் பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெற்றுப் பள்ளிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

கண் ஏமாறும் இடம்

பத்து வயது நிரம்பிய நான்கு பையன்களை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். முதலாமவன் 36 கிலோ, உயரம் 135 சென்டிமீட்டர். 1.35ஐ 1.35ஆல் பெருக்க 1.82, 36ஐ அதனால் வகுக்க 19.8 வருகிறது. வரம்பு 18.5, ஆகவே அதிக எடை. இரண்டாமவனும் அதே 36 கிலோ. ஆனால் உயரம் 146. அவனுடைய குறியெண் 16.9, குறை ஒன்றுமில்லை. மூன்றாமவன் 135 சென்டிமீட்டர், 24 கிலோ, குறியெண் 13.2, மெலிவு. இம்மூவரையும் கண்ணாலேயே ஒருவாறு ஊகித்துவிடலாம்.

நான்காமவனே கவனிக்கத்தக்கவன். அவன் 30 கிலோ. வகுப்பில் பலரைவிட இலேசானவன். சட்டையும் தொளதொளப்பாகவே இருக்கும். உயரமோ 125 சென்டிமீட்டர். கணக்கிட்டால் 19.2 வருகிறது. அதாவது, சிறுவயதில் போதிய சத்துக் கிடைக்காமல் உயரம் குன்றி, பின்னர் மாவும் சர்க்கரையும் எண்ணெயும் மட்டும் கிடைத்து, குன்றிய உடலின்மேல் கொழுப்பு ஏறிய பிள்ளை அவன். வறுமையும் பொட்டலமும் சேர்ந்து செய்த வேலை அது. இத்தகைய பிள்ளையைக் கண்ணால் பார்த்து எவராலும் கண்டுபிடிக்க இயலாது. எடையை மட்டும் எழுதி உயரத்தை எழுதாத பதிவேட்டாலும் இயலாது.

இந்தியக் குழந்தைகள் பிறக்கும்போதே எடை குறைந்தும், அவ்வெடைக்குக் கொழுப்பு மிகுந்தும் இருப்பதைப் புனா நகரத்து வைத்தியர் யாக்னிக் என்பாரும் அவருடைய கூட்டாளிகளும் அங்குள்ள கிராமங்களில் நடத்திய ஆய்வில் கண்டனர். இத்தகைய பிள்ளைகள் பின்னர் விரைவாகப் பருத்தால் நீரிழிவுக்கு எளிதில் இலக்காவர். ஆகவே இலேசாகப் பிறந்த குழந்தையைப் ‘பிடித்து ஊட்டி’ உருட்டிவிடுவதைப் பெருமையாகக் கொள்ளலாகாது.

கணக்குப் போடத் தெரியாத வீட்டாருக்கும் ஒரு வழியுண்டு. பிள்ளையின் உயரத்துக்குச் சரியாக ஒரு நூற்கயிற்றை வெட்டி, அதனை இரண்டாக மடித்து, கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டு நிற்கையில், இடையைச் சுற்றிப் பார்க்கவேண்டும். மடித்த கயிறு சுற்றி எட்டினால் நலம். எட்டாவிட்டால் வயிற்றுக் கொழுப்பு மிகுகிறதென்று அறிந்து சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போக வேண்டும்.

மற்றோர் அடையாளமும் உண்டு. பருத்த பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து, வெல்வெட்டுத் துணிபோல் தடித்துக் காணப்படும். அதனை அழுக்கென்று எண்ணிப் பீர்க்க நாரினால் தேய்த்துப் பிள்ளையை அழவைக்கும் தாய்மார் பலர். அது தேய்த்தால் போகும் அழுக்கன்று. உடல் தன் சர்க்கரையை ஆளும் சக்தி தளர்ந்துவருவதன் அறிகுறியாக இருக்கலாம். வைத்தியரிடம் காட்டவேண்டியது அவசியம். இரவில் குறட்டை விடுதல், முழங்கால் வலி, ஓடும்போது மேல்மூச்சு வாங்குதல் இவையும் அவ்வாறே. ஈரலில் கொழுப்புப் படிதலும் முன்னர் நடுவயதினருக்கே உரியதாயிருந்த நீரிழிவும் இக்காலத்தில் பள்ளி வயதிலேயே காணப்படுகின்றன.

எந்நாளில் மிகைப்பருமன் ஏறுகிறதென்பதற்கு இங்கிலாந்தின் கணக்கு உதவும. அங்கே 2005-06 முதல் பிள்ளைகள் 4-5 வயதில் ஒருமுறையும் 10-11 வயதில் ஒருமுறையும் அளக்கப்படுகின்றனர். 2023-24இல் முதல் அளவையில் நூற்றுக்கு 10 பேருக்குச் சற்றுக் குறைவாக இருந்த மிகைப்பருமன் இரண்டாம் அளவையில் 22 பேராக இருந்தது. ஆரம்பப் பள்ளியின் ஆறு வருஷத்திற்குள்தான் தொகை இரட்டிக்கிறது என்பது இதனால் விளங்கும். இந்தியாவிலும் 2013இல் தொடங்கிய பிள்ளைகள் நலத் திட்டத்தின்படி வைத்தியக் குழுவினர் வருஷம் ஒருமுறை சர்க்கார் பள்ளிகளுக்கு வந்து சோதிக்கின்றனர். அதற்கிடையே பள்ளியார் தாமாகவே ஜூன் மாதத்திலும், பொங்கல் கழிந்து ஜனவரியிலும் ஆக இருமுறை அளந்தால், ஏறுமுகம் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் பிடித்துவிடலாம். ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளை வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளர்ந்து 2, 3 கிலோ கூடுவது இயல்பு. உயரம் கூடாமல் அரை வருஷத்தில் 4, 5 கிலோ கூடியிருந்தால் காரணம் விசாரிக்கவேண்டும். பெண் பிள்ளைகள் 10 முதல் 13 வயதுக்குள் சடுதியில் எடை கூடுவது பருவத்தின் இயல்பு. அதற்காக அவர்களைப் பட்டினி போடுவது பெருந்தவறு.

சோறா, பொட்டலமா?

பருமன் என்ற பேச்சு வந்தவுடன் பள்ளிச் சோற்றைப் பழிப்போர் சிலர் உளர். கணக்கு அதற்கு இடம் கொடாது. ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு மதிய உணவில் விதித்திருப்பது 450 கலோரியும் 12 கிராம் புரதமும். நடுநிலை வகுப்புக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும். 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 1,700 கலோரி. ஆகவே பள்ளிச் சோறு நாள் தேவையில் கால் பங்குதான். அதோடு பள்ளி நாளெல்லாம் முட்டையும் கிடைக்கிறது. அவ்வுணவை உண்ணாமல் பத்து ரூபாயோடு கடைக்கு ஓடுகிற பிள்ளையே கேட்டுக்கு முதல் இலக்கு.

250 மில்லி இனிப்புப் பானத்தில் சுமார் 26 கிராம் சர்க்கரை கரைந்திருக்கிறது. ஐந்து தேக்கரண்டிக்கு மேல். அதனால் வருவது சுமார் 100 கலோரி. 35 கிலோப் பிள்ளை அதனைச் செலவழிக்க முக்கால் மணி நேரம் வேகமாக நடக்கவேண்டும். வயிறோ நிரம்புவதில்லை. உலகச் சுகாதார ஸ்தாபனத்தார், சேர்க்கும் சர்க்கரை நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாதென்றும், இருபதில் ஒரு பங்குக்குள் இருப்பது இன்னும் நலமென்றும் சொல்கின்றனர். 1,700 கலோரிப் பிள்ளைக்கு இருபதில் ஒரு பங்கென்பது 21 கிராம். ஒரு புட்டி அதனைத் தாண்டிவிட்டது; காலை, மாலை டீ இன்னும் கணக்கில் வரவில்லை.

பொறித்த உருளைக்கிழங்குச் சீவல் 30 கிராமும், நிலக்கடலைப் பருப்பு 30 கிராமும் ஏறக்குறைய ஒரே கலோரி, 160 முதல் 170 வரை தருகின்றன. ஆயினும் கடலையில் 7 கிராம் புரதம். சீவலில் 2 கிராம். கடலையைத் தோலோடு அவித்துக் கொடுத்தால் பிள்ளை உரித்து உரித்துத் தின்ன நேரமாகும். ஒரு கைப்பிடியில் பசி அடங்கும். பொட்டலமோ இரண்டு நிமிஷத்தில் தீர்ந்து இன்னொன்றைக் கேட்கச் செய்யும். உப்பு வேறு.

இங்கே குடியானவர்கள் மனத்தில் கொள்ளவேண்டிய ஓர் ஏறுமாறு இருக்கிறது. திருவண்ணாமலை ஜில்லா நிலக்கடலைக்குப் பேர்போனது. ஜவ்வாது மலையின் சாமை அவ்வாறே. கடலையை மூட்டையாக மண்டிக்கு அனுப்பிவிட்டு, அதே கிரயத்தில் ஒரு பங்கைப் பொட்டலத் தீனிக்குச் செலவிடும் வீடுகள் ஊரில் பல. கறந்த பால் முழுவதும் சங்கத்துக்குப் போகிறது. பிள்ளை சர்க்கரை மிகுந்த டீயைக் குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறது. கொல்லையில் பழுத்த கொய்யா சந்தைக்குப் போகிறது. சந்தையிலிருந்து மிட்டாய் வருகிறது. விற்பது தவறன்று, கடனும் வட்டியும் விற்கத்தான் செய்யும். பிள்ளைகளின் பங்கை அளந்து எடுத்து வைத்துவிட்டு விற்கவேண்டும் என்பதே சொல்லவேண்டியது. விதைக்கடலை எடுத்துவைக்காத குடியானவர் இல்லை.

ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் பருப்பு வீதம், வருஷத்துக்கு 9 கிலோ போதும். இரண்டு பிள்ளைகளுள்ள வீட்டுக்கு ஒரு மூட்டைக் காய்க்கு மேல் வேண்டியிராது. கடலை சேராத பிள்ளைகளும் சிலர் உளர். தின்றவுடன் உதடு வீங்குதல், தடிப்பு, இளைப்பு உண்டானால் அதனைக் கொடுக்கலாகாது. பூஞ்சணம் பிடித்த பருப்பு யாருக்கும் ஆகாது. காயை நன்றாக உலர்த்திச் சேமிப்பது முக்கியம்.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவே. வளரும் எலும்புக்கு இவ்வித்தியாசம் பெரிது. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ் நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. அங்கிருந்து வெளிவந்த அத்தியந்தல் 1 என்னும் சாமை ரகத்தையும் பிற சிறுதானிய ரகங்களையும் பற்றி நேரில் விசாரித்து, கால் ஏக்கராவிலேனும் வீட்டுச் செலவுக்கென்று பயிரிடலாம். ஆனால் சிறுதானியம் என்ற பெயரைக் கேட்டவுடன் மயங்கிவிடலாகாது. தினையை மாவாக்கி எண்ணெயில் பொறித்தால் அது முறுக்கே. கேழ்வரகு பிஸ்கோத்தில் கேழ்வரகைவிடச் சர்க்கரை மிகுதியாக இருப்பதும் உண்டு. பொட்டலத்தின் பின்புறத்துச் சிறு எழுத்தைப் படித்துப் பார்க்கவேண்டும்.

ஊரார் செய்யத்தக்கவை

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020இல் ஏற்பட்ட விதிகளின்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனிகளைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் வரையிலும் பிள்ளைகளுக்கு விற்பதும் விளம்பரம் செய்வதும் கூடாது. 50 மீட்டர் என்பது 66 அடிச் சங்கிலியில் இரண்டரைச் சங்கிலி. கிராம அதிகாரிகள் ஒரு காலைப் பொழுதில் வாசலிலிருந்து நாற்புறமும் சங்கிலி பிடித்து அளந்து கல் நட்டுவிட்டால் பிறகு வாதத்துக்கு இடமில்லை. அந்த எல்லைக்குள் பெட்டிக்கடை வைத்திருப்பவர் பெரும்பாலும் ஏழை விதவையோ அங்கஹீனரோ ஆவார். அவரை விரட்டிவிட்டு நன்மை செய்ததாக எண்ணுவது நியாயமன்று. அவித்த கடலை, சுண்டல், கொய்யா, சீத்தாப்பழம், நீர்மோர் இவற்றை அவரே விற்க, மகளிர் குழுவினர் முதல் சிலநாள் சரக்கைக் கடனாகக் கொடுத்து உதவலாம். கடலை விளைவிப்போருக்கும் அருகிலேயே ஒரு சந்தை கிடைக்கும்.

பள்ளிச் சமையற்கூடத்துப் பாத்திரம் கழுவும் நீர் வீணே ஓடும் இடத்தில் முருங்கை நடலாம். பெரியகுளம் 1 என்னும் செடிமுருங்கை விதையை ஒன்றரை அடிச் சதுரக் குழியில் மேல்மண்ணும் மக்கிய எருவும் இட்டு, எட்டடிக்கு ஒன்றாக நட்டு, செடி மூன்றடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். ஆறாம் மாதத்தில் காய்க்கும். கீரை அதற்கு முன்பே கிடைக்கும். இடையிலே அரைக்கீரைப் பாத்தி இட்டால் வேரோடு பிடுங்காமல் கிள்ளிக் கிள்ளி எடுத்துவரலாம். சோப்பு கலந்த நீரைப் பாத்திக்கு விடலாகாது.

விளையாட்டு மற்றொரு விஷயம். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டுமென்பது வைத்தியர் முடிவு. ஆடு மேய்த்தும் ஏற்றம் மிதித்தும் வளர்ந்த காலத்தைச் சொல்லிப் பெருமூச்சு விடுவோர், அக்காலத்தில் அப்பிள்ளைகள் பள்ளிக்கே போகவில்லை என்பதை மறந்துவிடுகின்றனர். வேலை வேண்டாம், இடம் வேண்டும். விளையாட்டுத் திடலென்று கணக்கிலிருக்கும் புறம்போக்கு வைக்கோற்போரும் டிராக்டரும் நிற்கும் களமாகவோ, பௌர்ணமி வண்டிகள் நிறுத்தும் இடமாகவோ ஆகிவிட்டிருந்தால், அதனைப் பிள்ளைகளுக்கு மீட்டுத்தருவது வருவாய் அதிகாரிகளால் மட்டுமே முடியும். ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர் நடந்தே பள்ளிக்குப் போகலாம். கிரிவலச் சாலையில் வண்டிப் போக்குவரத்து மிகுதியாதலால் பெரிய வகுப்பார் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகச் சிறுவர்களை வரிசையாக அழைத்துப்போவது நல்லது.

அளந்தபின் சொல்லும் முறையிலும் எச்சரிக்கை வேண்டும். எண்ணை வகுப்பில் உரக்கப் படித்தலும், பட்டப்பெயர் சூட்டுதலும் பிள்ளையைப் பள்ளிக்கே வராமல் செய்துவிடும். தனியறையில் அளந்து, உறையிட்ட சீட்டைப் பெற்றோரிடம் கொடுக்கவேண்டும். அப்பொழுதும் சச்சரவு எழாமல் இராது. பேரனை அழைக்கவந்த கிழவி ஒருத்தி சீட்டைப் பார்த்து, “எங்க வீட்டுச் சோத்தைத் தின்னு புள்ள தளதளன்னு இருக்கிறான். கண்ணு வைக்கிறீங்களே சார்!” என்பாள். தலைமையாசிரியர் பதில் சொல்லும் விதத்தில்தான் காரியம் இருக்கிறது. “சோத்தைக் குறைக்கச் சொல்லலீங்க ஆயா. சோறு, பருப்பு, கீரை, முட்டை எல்லாம் வயிறாரப் போடுங்க. கடைக்குக் கொடுக்கிற பத்து ரூபாயை மட்டும் நிறுத்தி, வீட்டுக் கடலையை அவிச்சுக் கொடுங்க. பொங்கல் கழிஞ்சு மறுபடி அளந்து பார்ப்போம்” என்று அவர் சொன்னால் கிழவி சமாதானமடைவாள். பருத்த பிள்ளையின் எடையைக் குறைப்பதுகூடப் பெரும்பாலும் நோக்கமன்று. எடை அப்படியே நிற்க, உயரம் வளர்ந்து அதனை எட்டிப்பிடித்தால் குறியெண் தானே இறங்கிவிடும். முற்கூறிய 36 கிலோப் பையன் அதே எடையில் 142 சென்டிமீட்டர் வளர்ந்தானானால் குறியெண் 17.9 ஆகிவிடும். மிகைப்பருமன் வரம்பைத் தாண்டிய பிள்ளையையும், மெலிவு வரம்புக்குக் கீழிறங்கிய பிள்ளையையும் மட்டும் தாமதமின்றி வைத்தியரிடம் அனுப்பவேண்டும்.

பதிவேடு எப்படியிருக்கவேண்டும் என்பது கடைசி விஷயம். வருஷத்துக்கு ஒரு புது நோட்டுப் போட்டுப் பழையதைப் பரணில் எறிந்தால் பயனில்லை. பிள்ளை ஒன்றுக்கு ஒரு சீட்டு. முதல் வகுப்பிலிருந்து அரை வருஷத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் தேதி, வயது வருஷமும் மாதமுமாக, எடை, உயரம், குறியெண். ஐந்தாம் வகுப்பு முடிந்து வேறு பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழோடு இச்சீட்டையும் கொடுத்து அனுப்பி, நகலொன்றைப் பழைய பள்ளியில் வைத்துக்கொள்ளவேண்டும். புதிய பள்ளியார் ஜூன் மாதத்து அளவையை அதே சீட்டின் அடுத்த வரியில் எழுதுவர்.